ஹானியா பழைய துறைமுகத்தில் மீன் சாப்பாடு: காட்சிக்குக் காசா, மீனுக்குக் காசா?

வேளச்சேரி வெங்கட்
வணக்கம் மக்களே. ஜூன் மூணாவது வாரம் கிரேக்கம் போறோம். ஏதென்ஸ்ல ரெண்டு நாள், அப்புறம் கிரீட் தீவுல ஹானியாவுல அஞ்சு நாள். நான், வீட்டம்மா, ப்ளஸ் டூ முடிச்ச பையன். பழைய வெனிஸ் துறைமுகத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல ரூம் போட்டாச்சு.

ஒரு ராத்திரியாவது தண்ணி ஓரமா உக்காந்து, எதிர்ல கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கிட்டே மீன் சாப்பிடணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆனா இணையத்துல பாதிப் பேர் 'சொர்க்கம்'ங்கறாங்க, மீதிப் பேர் 'பகல் கொள்ளை, கிட்டயே போகாதீங்க'ங்கறாங்க. மெனுவுல மீனுக்கு விலை கிலோ கணக்குல போட்டிருக்காமே? ஒரு மீன் எவ்வளவு வரும்னு தெரியாம எப்படி ஆர்டர் பண்றது? இன்னொண்ணு, வீட்டம்மா சுத்த சைவம். பையன் எதையும் விட மாட்டான். நேர்ல போனவங்க சொல்லுங்க.

கணக்குப்புலி
கிட்டயே போகாதீங்க கட்சி நான்.

போன செப்டம்பர்ல மனைவியோட போயிருந்தேன். துறைமுகத்தோட மேற்குக் கரை. வாசல்ல ஒருத்தர் நின்னுக்கிட்டு "நமஸ்தே இந்தியா" சொல்லிக் கையைப் பிடிக்காத குறையா உக்கார வெச்சார். கடைப் பேர் வேண்டாம். "இன்னிக்கு வந்த மீன், ரெண்டு பேருக்குச் சரியா இருக்கும், சுட்டுத் தரவா?"ன்னார். தலையாட்டினேன். பில்லு வந்தப்ப மீன் 1.4 கிலோ, கிலோ 68 யூரோ. மீனுக்கு மட்டும் 95.20. நான் கேக்காத ரொட்டிக்குத் தனிக் காசு வேற. மீன் நல்லா இருந்துச்சுங்கறதுதான் இன்னும் வயித்தெரிச்சல். மோசமா இருந்திருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம்.

எஞ்சின்ரூம் பாண்டி
கணக்குப்புலி தம்பி கோவிச்சுக்கிடக் கூடாது. அது ஏமாத்து இல்ல, கேக்காம தலையாட்டினதுக்கு விழுந்த பில்லு.

நான் பதினாறு வருஷம் கிரேக்க முதலாளிமார் கப்பல்ல எஞ்சின் பாத்தவன். ஏதென்ஸ் துறைமுகமான பிரேயஸ்ல இறங்கினா மிக்ரோலிமானோன்னு சின்ன மீன்பிடித் துறை, அங்கதான் சாயங்காலம். கிரீட்டுக்குப் போனா ஹானியா பக்கத்துல 'சூடா'ங்கற வளைகுடாவுல கப்பலைக் கட்டுவாங்க. ஹானியா பழைய துறைமுகம் வெனிஸ்காரன் 14-ஆம் நூற்றாண்டுல கட்டினது. மண்ணு மூடி மூடி ஆழம் பத்தாமப் போச்சு. அதனால பெரிய கப்பல் எல்லாம் சூடாவுக்கு. பழைய துறைமுகத்துல இப்ப சின்ன படகும் மேஜை நாற்காலியுந்தான்.

மீன் வாங்குற முறை சொல்லுதேன், வெங்கட். மீன் கடை அங்க 'ப்சாரோதவேர்னா'. உக்காருமுன்ன உள்ள போய் மீனைப் பாக்கணும். அது மரியாதைக்குறைவு இல்ல, பாக்காதவனைத்தான் வெளியூர்க்காரன்னு கண்டுக்கிடுவான். ஐஸ் போட்ட டிராயரையோ கண்ணாடிப் பெட்டியையோ திறந்து காட்டுவாங்க. கண்ணு தெளிவா, கொஞ்சம் வெளிய உப்பினாப்புல இருக்கணும். செவுளைத் தூக்கிப் பாருங்க. காசிமேட்டுல எப்படிப் பாப்பீங்களோ அப்படித்தான், புதுசா ஒண்ணுமில்ல. பிடிச்சதைக் கையைக் காட்டி, நம்ம கண்ணு முன்ன தராசுல போடச் சொல்லணும். அந்த எடை குடலும் செதிலும் சேத்த பச்சை எடை. சுட்டு வந்தா குறைஞ்சுதான் தெரியும், அதுக்குச் சண்டை போடாதீங்க. எடையைக் கிலோ விலையால பெருக்கிப் பாத்துட்டு 'சரி'ன்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான்.

ஒரு எச்சரிக்கை. அவங்க பாஷையில 'நே'ன்னா ஆமா. நாம 'நோ'ன்னு இழுத்தா அவனுக்கு 'நே'ன்னு விழும். எங்க கப்பல்ல புதுசா வந்த பையன் ஒருத்தன் அப்படித்தான் ரெண்டு கிலோ இறாலுக்கு ஆமா போட்டான்.

கணக்குப்புலி
பாண்டி அண்ணே, தராசு விஷயம் ஒத்துக்கறேன். ஆனா அந்த ரொட்டி?

எஞ்சின்ரூம் பாண்டி
அது 'கூவேர்'. தலைக்கு இவ்வளவுன்னு மெனுவுல சின்னதா போட்டிருக்கும். வேண்டாம்னா வெச்ச உடனே திருப்பிக் கொடுத்துரலாம். நீங்க சாப்பிட்டிருப்பீங்களே?

கணக்குப்புலி
சாப்பிட்டோம். :(

குளிர்தேசத்துக்காரி
வெங்கட் அண்ணா, நாங்கள் ஜெர்மனியிலயிருந்து ரெண்டு தரம் ஹானியா போனனாங்கள். துறைமுகக் கரையில ஒரு கோப்பி குடியுங்கோ, மீன் சாப்பிடுறதெண்டா நேயா ஹோராவுக்குப் போங்கோ. பிர்க்காஸ் கோட்டைக்குப் பின்பக்கமாய் மேற்கால பத்துப் பதினைஞ்சு நிமிச நடைதான். சின்ன மணற்கரை, பக்கத்திலேயே மீன்பிடிப் படகுகள் கட்டுற இடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஊர்ச் சனம் அம்மம்மா, பேரப்பிள்ளை எண்டு குடும்பத்தோட வந்து நீள மேசை போட்டு இருப்பினம். அதைப் பாத்தாலே எங்க சாப்பிடவேணும் எண்டு விளங்கும்.

முக்கியமான விசயத்துக்கு வாறன். அங்க எனக்கு ஓரா மீன் கிடைச்சது! உண்மையாத்தான். ஊரை விட்டு வெளிக்கிட்டு இருபத்தேழு வருசம், எந்தக் கடையிலயும் உடன் ஓரா கண்டதில்லை. பெட்டிக்குள்ள பாத்ததும் "இது ஓரா எல்லோ!" எண்டு கத்திப்போட்டன். அவையள் அதை 'கெர்மனோஸ்' எண்டு சொல்லுகினம், ஜெர்மன்காரன் எண்டு அர்த்தமாம். நான் ஜெர்மனியில இருந்து வந்தனான் எண்டதும் கடைக்காரருக்குச் சிரிப்பு அடங்கேல்லை. 1869இல சூயஸ் கால்வாய் திறந்தாப் பிறகு செங்கடல் மீன் கனக்க மத்தியதரைக் கடலுக்குள்ள வந்திட்டுதாம். வந்த இடத்தில கடலடிப் பாசியெல்லாத்தையும் மேய்ஞ்சு தள்ளுது எண்டு மீனவருக்கு அதில கோவம். எனக்கெண்டா ஒரு கோவமுமில்லை. மூண்டு மீன் சாப்பிட்டன்.

முள்ளு கவனம் எண்டு கடைக்காரர் எனக்குச் சொல்ல வெளிக்கிட்டார். ஓரா முள்ளைப் பற்றி ஆருக்கு ஆர் சொல்லுறது!

மீனவன் மகன்
அக்கா சொன்ன ஓரா எங்க ராமேஸ்வரம் பக்கமும் உண்டு, 'ஒரா'ம்போம்.

வெங்கட் சார், ஜூன்ல போறீங்க. அதனால ஒரு விஷயம். அங்க இழுவை மடி போட்டு அரிக்கற ட்ராலருக்கு ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரைக்கும் தடை. நம்ம கிழக்குக் கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் தடை போடறாங்கல்ல, அந்த மாதிரிதான். அந்த மாசங்கள்ல வர்றது செவுள்வலை, தூண்டில், சுருக்குவலை மீன். அதனால கோடையில கலமாரி, அதாவது பொரிச்ச கணவாய் கேட்டீங்கன்னா பெரும்பாலும் ஐஸ் பெட்டியில உறைஞ்சு கிடந்ததுதான் வரும். அதை ஒளிக்க முடியாது, உறைய வெச்சதுன்னா மெனுவுலயே போட்டாகணும்னு சட்டம். பேருக்குப் பக்கத்துல நட்சத்திரக் குறியோ, 'கட்டெப்ஸ்'னு சுருக்கமாவோ இருக்கும். அதைப் பாத்துட்டு ஆர்டர் பண்ணுங்க. பையன் கலமாரி கேப்பான், எல்லாப் பசங்களும் அதைத்தான் கேப்பாங்க.

கோடைக்குச் சரியான சரக்கு சின்ன மீன். காவ்ரோஸ்னா நெத்திலி, சர்தேலான்னா சாளை. பர்பூனி நம்ம நகரை மீனோட சொந்தக்காரன், சிவப்பா தாடி வெச்சிருக்கும், ஆனா விலை ஜாஸ்தி. சின்ன மீனுக்குக் கிலோ கணக்கு பெரும்பாலும் கிடையாது, தட்டுக்கு இவ்வளவுன்னு விலை. கணக்குப்புலி அண்ணனுக்கு ஏத்தது.

இன்னொண்ணு, சிப்பூரா, லவ்ராக்கின்னு ரெண்டு மீன் எல்லா மெனுவுலயும் இருக்கும், எல்லாம் ஒரே சைஸா இருக்கும். அது வலைக்கூண்டுல வளத்தது. கிரேக்கம் அந்த ரெண்டு மீனையும் பெருசா வளத்து ஏற்றுமதி பண்ற நாடு. மோசமில்ல, ஆனா அதுக்காக அவ்வளவு தூரம் போகணுமா?

தயிர்சாதம்
சைவ அணி சார்பில் ஆஜர். வெங்கட், உங்க வீட்டம்மா பட்டினி கிடக்க மாட்டாங்க. மீன் கடையில எனக்குக் கிடைச்ச மாதிரி சைவச் சாப்பாடு பாரிஸ்ல கூடக் கிடைக்கல.

டாகோஸ்: கல்லு மாதிரி வாட்டின பார்லி ரொட்டி, மேல துருவின தக்காளி, மிஸீத்ரா சீஸ், ஆலிவ் எண்ணெய். அஞ்சு நிமிஷம் ஊற விடணும், அவசரப்பட்டா பல்லு போயிடும். ஃபாவா: மஞ்சப் பருப்பைக் குழைய வேக வெச்சு மசிச்சு, மேல பச்சை வெங்காயம், எண்ணெய். பெருங்காயமில்லாத பருப்புன்னு நெனச்சுக்கங்க. ஹோர்த்தா: காட்டுக் கீரையை வேக வெச்சு எலுமிச்சையும் எண்ணெயும் ஊத்தினது. கிரீட்ல ஸ்தம்னகாத்தின்னு லேசா கசக்கற கீரை, அது இருந்தா விடாதீங்க. பூரெக்கி ஹானியாவோட சொந்தச் சரக்கு: சுரைக்காய் ஜாதிக் காய், உருளைக்கிழங்கு, மிஸீத்ரா, புதினா எல்லாம் அடுக்கி வேக வெச்சது.

ஒரு பொறி இருக்கு. "நிஸ்தீசிமோ" அப்படின்னா விரதச் சாப்பாடு. நம்ம ஊர்ல விரதம்னா சைவம்னு அர்த்தம், அங்க அப்படி இல்ல. அவங்க கணக்குல ரத்தமில்லாத பிராணி விரதத்துக்கு ஆகும்: பேய்க் கணவாய் (ஆக்டோபஸ்), கணவாய், இறால், சிப்பி எல்லாம். நான் 'விரதம்தான்'னு நம்பி வாங்கின சோத்துக்குள்ள ஒரு கால் சுருண்டு கிடந்தது. எட்டுல ஒண்ணு.

கும்பகோணம் ரிட்டர்ன்
யவனர்கள் நம்மோடு வாணிபம் செய்தவர்கள். அவர்கள் உணவில் நம் தாக்கம் உள்ளது. எதற்கும் இட்லிப்பொடியும் மாவடுவும் எடுத்துச் செல்லவும். அங்கே காரமே கிடையாது.

எஞ்சின்ரூம் பாண்டி
யவனர் வந்தது மெய்தான். ஆனா ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் அடிச்சு ஊத்துன சுட்ட மீன்ல என்ன தாக்கத்தைத் தேடுவீங்க? அதுக்கு 'லாதோலெமோனோ'ன்னு பேரு. மீனுக்கு அது போதும். பொடியை ஓட்டல் ரூம்ல வெச்சுக்கிடுங்க. பிடிச்ச மீனைத் தணல்ல வாட்டித் தாரவன் முன்னால மாவடு ஜாடியத் திறந்தா அவன் மனசு என்ன பாடுபடும்?

மட்டுறுத்துநர்
யவனர் வரலாற்றுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே மீன் மட்டும்.

குளிர்தேசத்துக்காரி
நேரத்தைச் சொல்ல மறந்துபோனன். ஏழு மணிக்குப் போய் இருந்தால் உங்களோட ஆங்கிலேயரும் ஜெர்மன்காரரும்தான் இருப்பினம். ஜூனில சூரியன் மறையவே எட்டரைக்கு மேல ஆகும். ஊர்ச்சனம் ஒன்பதரைக்குத்தான் வரும். பில்லு தானா வராது, கேட்டால்தான் தருவினம், எழுப்பிவிடுறது அவையளுக்கு அவமரியாதை. கேட்டாப் பிறகு பழமோ இனிப்போ ஒரு துண்டும், சின்னப் போத்தல் சிக்குதியாவும் வரும். திராட்சைச் சக்கையில வடிச்ச சாராயம். அது கடைக்காரர் தாறது, காசில்லை. என்ர மனுசன் அதை ஒரே மூச்சில குடிச்சுப்போட்டுப் படியில இருந்திட்டார்.

வேளச்சேரி வெங்கட்
எல்லாருக்கும் நன்றி. அச்சடிச்சு எடுத்துட்டுப் போறேன்.

(ஜூலை 4)

வேளச்சேரி வெங்கட்
போயிட்டு வந்தாச்சு. கடன் அடைக்கணும்ல, விவரமா எழுதறேன்.

முதல் ராத்திரியே ஆசையை அடக்க முடியல, துறைமுகக் கரைக்குத்தான் போனோம். வாசல்ல நின்னு கூப்பிட்ட மூணு கடையைத் தாண்டி, யாருமே கூப்பிடாத ஒரு கடையில ஒன்பது மணிக்கு உக்காந்தோம். பக்கத்துலயே பழைய பள்ளிவாசலோட குவிமாடம். 1645-ல துருக்கியர் ஊரைப் பிடிச்சப்ப கட்டினதாம். எதிர்ல கலங்கரை விளக்கம். அதை முதல்ல கட்டினது வெனிஸ்காரங்க, 1830-கள்ல எகிப்து ஆட்சியில திருப்பிக் கட்டியிருக்காங்க. அதான் பாக்க மினார் மாதிரி இருக்கு. மேஜையில காகித விரிப்பு, காத்துல பறக்காம இருக்க நாலு பக்கமும் கிளிப். அப்படியும் ஒரு அடி அடிச்சதுல தாராமோசலாத்தாங்கற மீன்முட்டை மசியல் கிண்ணத்தோட பக்கத்து மேஜை விரிப்பு எங்க கால்ல வந்து விழுந்தது.

மெனுவைத் திறந்ததும் நட்சத்திரக் குறி தேடினேன். கலமாரிக்குப் பக்கத்துல இருந்தது. பையன் முகம் தொங்கிப் போச்சு. மீனவன் மகன் சொன்ன மாதிரி காவ்ரோஸ் சொன்னோம். தலையோட முழு நெத்திலி, மாவுல லேசா பொரட்டிப் பொரிச்சது. எங்க பாட்டி வீட்டு நெத்திலி வறுவல்ல மிளகாய்த்தூளை மட்டும் எடுத்துட்டா அதேதான். ஒரு தட்டு காலியானதும் அவனே இன்னொண்ணு கேட்டான். அப்புறம் தணல்ல வாட்டின பேய்க் கணவாய்க் கால் ஒண்ணு. வெளிப்பக்கம் கருகி மொறுமொறு, உள்ள ரப்பர் மாதிரி இல்லாம பல்லுக்கு இதமா இருந்தது. வீட்டம்மாவுக்கு டாகோஸும் பூரெக்கியும். தயிர்சாதம் சொன்ன அஞ்சு நிமிஷத்தைக் கடிகாரம் பாத்து எண்ணினாங்க.

பில்லு: காவ்ரோஸ் ரெண்டு தட்டு 22, கால் 17, டாகோஸ் 9, பூரெக்கி 10, ரொட்டி தலைக்கு 2, தண்ணி 3, எனக்கு அரை லிட்டர் ஒயின் 8. மொத்தம் 75 யூரோ.

கடைசி நாள் மத்தியானம் நேயா ஹோரா. அக்கா, நீங்க சொன்ன நீள மேஜைக் குடும்பம் அப்படியே இருந்தது, அம்மம்மா உட்பட. உள்ள போய் மீன் பாக்கணும்னு கேட்டேன். அறுபத்தஞ்சு வயசு இருக்கும், ஏப்ரன் கட்டின பெரியவர் டிராயரை இழுத்தார். சிவப்பா பர்பூனி பளபளன்னு கிடந்தது, நான் கையைக் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசல. முகவாயை மேல தூக்கி, புருவத்தை உயர்த்தி, நாக்கால "ச்சு"ன்னார். எனக்குப் புரியல, ஆமாங்கறாரா இல்லையாங்கறாரா? வீட்டம்மா பின்னாலேர்ந்து "வேண்டாங்கறார்"ன்னாங்க. எங்க மாமியார் அச்சு அசலா அப்படித்தான் சொல்வாங்களாம். அது நேத்து மீனாம், அப்புறம் அவர் பொண்ணு வந்து இங்கிலீஷ்ல விளக்கினாங்க. விலை அதிகமானதை விக்கறதுக்குப் பதிலா வேண்டாம்னு சொல்ற கடைக்காரரை நான் வேளச்சேரியில பாத்ததில்ல.

அவரா எடுத்துக் காட்டினது ஸ்காரோஸ். கிளி மூக்கு மாதிரி வாய். ஒண்ணு சாம்பல் நிறம், ரெண்டு சிவப்பு. மூணையும் தராசுல போட்டார்: 900 கிராம், கிலோ 50 யூரோ. நானே மனசுல பெருக்கி 45ன்னேன். அவர் சிரிச்சு என் தோள்ல தட்டினார். அதைக் குடல் எடுக்காமத்தான் சுடுவாங்களாம், பாசி தின்னற மீன்ங்கறதால குடலும் ருசியாம். பையன் சாப்பிட்டான். நான் ஒரு வாய் எடுத்தேன், லேசா கசப்பு, கடல்பாசி வாசனை. ரெண்டாவது வாய் எடுக்கலங்கறதையும் ஒத்துக்கறேன். கூட சோம்புக் கீரையும் பச்சை ஆலிவும் போட்டு வேக வெச்ச ஓட்டுக் கணவாய், ஹோர்த்தா, ஃபாவா.

மீன் 45, கணவாய் 14, ஹோர்த்தா 7, ஃபாவா 7, ரொட்டி 4.50, தண்ணி 2. மொத்தம் 79.50.

கணக்குப்புலி
ஒரு நிமிஷம். 'மலிவான, உள்ளூர்க்காரங்க போற' இடத்துல 79.50. 'பகல் கொள்ளை' துறைமுகத்துல 75?

வேளச்சேரி வெங்கட்
அதேதான். துறைமுகத்துல ஒயின் வேற உண்டு.

எஞ்சின்ரூம் பாண்டி
காட்சிக்கு ரெண்டு மூணு யூரோதான் தம்பி ஏத்துவான், ரொட்டியிலயும் டாகோஸுலயும். மீதியெல்லாம் தராசு. நீங்க அந்த 1.4 கிலோவை நேயா ஹோராவுல வாங்கியிருந்தாலும் இருபது யூரோ குறைஞ்சிருக்குமா இருக்கும், அவ்வளவுதான்.

கணக்குப்புலி
அந்த இருபது யூரோவுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு தட்டு நெத்திலி வருது அண்ணே.

தயிர்சாதம்
வீட்டம்மா தீர்ப்பு என்ன?

வேளச்சேரி வெங்கட்
ஃபாவாவுக்குப் பெருங்காயம் போட்டிருக்கலாமாம். பூரெக்கியை வீட்டுல செஞ்சு பாத்தாச்சு, மிஸீத்ராவுக்குப் பதிலா பன்னீர். சுமார்.

குளிர்தேசத்துக்காரி
எல்லாம் சரி. ஓரா கிடைச்சதோ?

வேளச்சேரி வெங்கட்
இல்லக்கா. பெரியவர்கிட்ட 'கெர்மனோஸ்'னு கேட்டேன். மறுபடி முகவாயைத் தூக்கி அதே "ச்சு". காத்து அடங்கினதும் படகு போகுமாம், நாளைக்கு வாங்கன்னாங்க பொண்ணு. எங்களுக்கு அன்னிக்கு ராத்திரியே சூடாவுலேர்ந்து பிரேயஸ் கப்பல்.